லைட் எரியுது, மைலேஜ் குறையுது: பழைய காருக்கு எந்த ஆக்ஸிஜன் சென்சார் வாங்குவது?

ஜரிகையை உரசிப் பார்த்து வாங்கும் ஆரணி, கார் பாகம் வாங்கும்போது மட்டும் அட்டைப் பெட்டியைப் பார்த்துத் திருப்தி அடைவது ஏன்?

ஆரணியில் ஒரு பட்டு வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கம் தறி வைத்திருப்பவர்களிடம் சேலை எடுத்து, காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஊருக்குப் பக்கத்தில் ரயில் என்றால், களம்பூரில் இருக்கும் 'ஆரணி ரோடு' ஸ்டேஷன்தான். அதனால் அவருக்கு எல்லாமே ரோடு வழிதான். 2011-ல் வாங்கிய பெட்ரோல் கார். இத்தனை வருஷம் சொன்ன பேச்சு கேட்டு ஓடியது.

முகூர்த்த சீசன் தொடங்கும் நேரத்தில் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரிகிறது. லிட்டருக்கு 15 கொடுத்த வண்டி 11, 12 என்று இறங்குகிறது. மெக்கானிக்கிடம் போனால் பதில் தயார்: "ஓ-டூ சென்சார் போயிடுச்சுண்ணே. கம்பெனி பீஸ் போட்டா காஸ்ட்லி. லோக்கல் ஒண்ணு இருக்கு, பாதி விலைதான். இல்லன்னா ஒயரை கழட்டி விட்டுடலாம், வண்டி ஓடும்."

வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார்? பெரும்பாலும் நடுவில் இருப்பதை. ரொம்ப விலையும் இல்லை, ரொம்ப மோசமும் இல்லை என்ற மனக்கணக்கு. ஆனால் இந்தப் பேச்சில் ஒரு கேள்வி கேட்கப்படவே இல்லை. போனது சென்சார்தான் என்று யார் பார்த்தார்கள்? எப்படிப் பார்த்தார்கள்?

பழைய காருக்கு சென்சார் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் பிராண்டு இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி பரிசோதனை. அதற்குக் காசு கொடுக்க நம்மில் யாரும் தயாராக இல்லை என்பதுதான் உண்மையான சிக்கல்.

அந்த சென்சார் என்னதான் செய்யுது?

சைலன்சர் குழாயின் தொடக்கத்தில், இன்ஜினை ஒட்டித் திருகப்பட்டிருக்கும் கட்டைவிரல் அளவுப் பொருள் அது. பார்க்க ஸ்பார்க் பிளக் மாதிரி இருக்கும். புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அதை மின்னழுத்தமாக மாற்றி, காரின் கம்ப்யூட்டரான இசியூவுக்குச் சொல்வதுதான் வேலை.

பெட்ரோல் முழுசாக எரிய, ஒரு கிலோ பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோல் கூடிவிட்டால் 'ரிச்', காற்று கூடிவிட்டால் 'லீன்' என்பார்கள். வழக்கமான சிர்கோனியா வகை சென்சார், ரிச் என்றால் 0.9 வோல்ட் பக்கமும், லீன் என்றால் 0.1 வோல்ட் பக்கமும் காட்டும். இசியூ அதைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும். இன்ஜின் ஓடும்வரை இந்தப் பேச்சுவார்த்தை ஓயாமல் நடக்கும்.

இது நேற்று வந்த தொழில்நுட்பமும் இல்லை. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் செய்த இந்த 'லாம்டா சென்சார்' 1976-லேயே அமெரிக்காவில் விற்ற வோல்வோ கார்களில் வந்துவிட்டது. இந்தியாவுக்குத் தாமதமாக வந்தது. 1995-ல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க நின்றது. அதை ஒட்டித்தான் கார்பரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ இன்ஜின்கள் பரவலாக வந்தன. ஈயமும் ஆக்ஸிஜன் சென்சாரும் ஒரே வண்டியில் குடித்தனம் நடத்த முடியாது. ஈயம் சென்சார் முனையை நச்சாக்கிவிடும்.

என் வண்டியில் எத்தனை சென்சார்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கடைக்குப் போகக் கூடாது. 2000-களில் வந்த பழைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஒரே சென்சார்தான், கன்வெர்ட்டருக்கு முன்னால். பிஎஸ்-4 கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி-1, 2013 ஏப்ரலில் ஓபிடி-2 என்ற சுய கண்காணிப்பு விதிகள் வந்தன. அதன் பிறகு கன்வெர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் வந்தது. முன்னால் இருப்பது பெட்ரோல் அளவைத் திருத்தும். பின்னால் இருப்பது கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காவல் பார்க்கும்.

இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒயர் நீளம், சாக்கெட், சில வண்டிகளில் உள்ளே இருக்கும் தொழில்நுட்பமே வேறு. "ஓ-டூ சென்சார் ஒண்ணு குடுங்க" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் கொடுப்பது தவறான பீஸாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சென்சார் மேலேயே பழி போடலாமா?

இங்கேதான் நிறைய பேர் காசை விடுகிறார்கள். ஸ்கேனரில் 'பி-0171' என்று வந்தால் லீன் என்று பொருள். 'பி-0172' என்றால் ரிச். இந்த இரண்டுமே சென்சார் கெட்டுப்போனது என்று சொல்லவில்லை. சென்சார் பார்த்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான். தகவல் கொண்டுவந்தவரைப் பிடித்து ஜெயிலில் போடுவது போலத்தான், இந்தக் கோடு வந்ததும் சென்சாரைக் கழற்றி எறிவது.

இன்டேக் ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் காற்று உள்ளே போய் லீன் காட்டும். சைலன்சர் மேனிஃபோல்டு ஜாயின்டில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று கலந்து அதேபோல் பொய்யாக லீன் காட்டும். இன்ஜெக்டர் கசிந்தால் ரிச் காட்டும். ஏர் ஃபில்டர் அடைத்தாலோ, தெர்மோஸ்டாட் கெட்டு இன்ஜின் சூடாகாமலே ஓடினாலோ மைலேஜ் விழும். இதில் எதற்கும் புது சென்சார் மருந்தில்லை.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது: 20 சதவீத எத்தனால் கலந்த ஈ-20 பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், அது எரியக் காற்று குறைவாகப் போதும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 9 கிலோ. அதாவது அதே காற்றுக்கு இன்ஜின் கொஞ்சம் அதிக எரிபொருள் ஊற்ற வேண்டும். அந்தத் திருத்தத்தைச் செய்யச் சொல்வது இதே ஆக்ஸிஜன் சென்சார்தான். சென்சார் சோர்ந்துபோன பழைய வண்டியில் இந்தத் திருத்தம் சரியாக நடக்காது.

எத்தனாலுக்கு எரிசக்தியும் குறைவு. பழைய வடிவமைப்பில் செய்து ஈ-10-க்கு ட்யூன் பண்ணிய நான்கு சக்கர வண்டிகளில் ஈ-20 போட்டால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் வந்த நிதி ஆயோக் எத்தனால் திட்ட அறிக்கையே சொல்கிறது. 15 கொடுத்த வண்டி 14 கொடுத்தால் அது பெட்ரோலின் வேலையாக இருக்கலாம். 11-க்கு விழுந்தால் வேறு எங்கோ கோளாறு. இந்த வித்தியாசம் தெரியாமல் சென்சார் மாற்றினால், காசு போன பிறகும் மைலேஜ் வராது.

எப்படிப் பார்ப்பது?

நல்ல மெக்கானிக்குக்கு இது அரை மணி நேர வேலை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஸ்கேனரில் 'லைவ் டேட்டா' பார்க்க வேண்டும். முன் சென்சாரின் வோல்ட்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே விடாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மேலே, விட்டால் கீழே. 0.45 பக்கத்திலேயே அசையாமல் நின்றால் சென்சாரோ அதன் ஒயரோ செத்திருக்கலாம். அசைகிறது, ஆனால் சோம்பலாக அசைகிறது என்றால் வயதாகிவிட்டது.

'பி-0135' மாதிரி கோடு வந்தால் அது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் பற்றியது. சென்சார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் வேலை செய்யும். சீக்கிரம் சூடாக்கத்தான் இந்த ஹீட்டர். அதை மல்டிமீட்டர் வைத்தே பார்க்கலாம். சில ஓம்கள் காட்டினால் உயிரோடு இருக்கிறது, எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. அதற்கும் முன்னால் ஃபியூஸைப் பார்க்க வேண்டும். சில ரூபாய் ஃபியூஸ் போனதற்குச் சில ஆயிரம் ரூபாய் சென்சார் வாங்கியவர்கள் உண்டு.

2010-க்கு முந்தைய சில வண்டிகளோடு ஆன்லைனில் கிடைக்கும் சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் பேசாது. சாக்கெட் ஒரே மாதிரி இருந்தாலும் மொழி வேறு. அப்போதும் மல்டிமீட்டர் இருக்கிறது.

இதெல்லாம் பார்த்தும் சென்சார்தான் என்று உறுதியானால், அது ஏன் கெட்டது என்றும் கேட்க வேண்டும். வயதாகிப் போவது இயல்பு. ஹீட்டர் இல்லாத ஒற்றை ஒயர் சென்சார் 50,000 முதல் 80,000 கிலோமீட்டர் வரையும், ஹீட்டர் உள்ளது ஒரு லட்சத்துக்கும் மேலும் உழைக்கும் என்பது பொதுக்கணக்கு. ஆனால் இன்ஜின் ஆயில் எரிந்து வெள்ளைச் சாம்பல் படிந்தாலோ, கூலன்ட் உள்ளே கசிந்தாலோ, இன்ஜின் வேலையில் அள்ளிப் பூசிய சிலிகான் கேஸ்கெட் பேஸ்ட்டின் ஆவி பட்டாலோ புது சென்சாரும் சீக்கிரம் போய்விடும். ஆயில் குடிக்கும் இன்ஜினுக்குப் புது சென்சார் போடுவது, ஒழுகுகிற வீட்டில் தரையைத் துடைக்கிற கதைதான்.

கடையில் நான்கு வழி

ஆரணிக்காரருக்கு நடைமுறையில் நான்கு வழி இருக்கிறது.

முதல் வழி, கார் கம்பெனியின் பெயர் போட்ட 'ஜெனுயின்' பீஸ். வேலூர் மாதிரி ஊர்களில் இருக்கும் டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில் ஆர்டர் போட வேண்டும். சேஸிஸ் நம்பர் கொடுத்தால் சரியான பார்ட் நம்பர் அவர்களே எடுத்துத் தருவார்கள். விலை அதிகம். பொருந்துமா என்ற சந்தேகம் மட்டும் இருக்காது.

இரண்டாவது வழி, சென்சாரை நிஜமாகவே தயாரிக்கும் கம்பெனியின் சொந்தப் பெட்டி. கார் கம்பெனிகள் பெரும்பாலும் சென்சார் தயாரிப்பதில்லை. போஷ், டென்சோ, என்டிகே, டெல்ஃபி போன்ற நிறுவனங்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போடுகின்றன. கழற்றிய பழைய சென்சாரின் உடம்பிலேயே தயாரித்தவர் பெயரும் எண்ணும் பொறித்திருக்கும். அதே தயாரிப்பாளரின் அதே எண், அல்லது அவர்களுடைய கேட்டலாக் அதற்கு மாற்று என்று சொல்லும் எண் கிடைத்தால், தரம் ஒன்றுதான், விலை பெரும்பாலும் குறைவு. பழைய காருக்குப் பெரும்பாலோருக்குச் சரியான வழி இதுதான்.

மூன்றாவது, 'யுனிவர்சல்' சென்சார். சாக்கெட் இருக்காது, பழைய சாக்கெட்டை வெட்டி ஒயரோடு ஒயர் சேர்க்க வேண்டும். நல்ல கம்பெனிகளும் இதைச் செய்கின்றன. சாக்கெட்டோடு வரும் பீஸ் சந்தையில் கிடைக்காமல் போன வண்டிக்கு இது உதவும். ஆனால் கை தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

நான்காவது, பெயர் தெரியாத மலிவுப் பெட்டியும், பிரபல பெயரைப் போலியாக அச்சடித்த பெட்டியும். முனை ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் செராமிக், பிளாட்டினம் பூச்சு, ஹீட்டர் எதையும் கண்ணால் பார்க்க முடியாது. சில மாதம் ஓடி, மறுபடி அதே மஞ்சள் லைட்.

சென்னைக்குச் சேலை கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடைகளில் பார்ட் நம்பரைச் சொல்லி விசாரிக்கலாம். புதுப்பேட்டையில் கழற்றிய பீஸும் கிடைக்கும். கதவு, பம்பர், கண்ணாடிக்குப் புதுப்பேட்டை சரி. ஆக்ஸிஜன் சென்சாருக்கு வேண்டாம். அது தேய்கிற பாகம். இன்னொருவர் வண்டியில் எத்தனை கிலோமீட்டர் உழைத்தது என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது.

ஒயர் கணக்கு ரொம்ப முக்கியம்

ஒற்றை ஒயர் என்றால் ஹீட்டர் இல்லாதது. மூன்று, நான்கு என்றால் ஹீட்டர் உள்ளது. ஐந்து அல்லது ஆறு என்றால் பெரும்பாலும் 'வைட்பேண்ட்' வகை. அது வேலை செய்யும் விதமே வேறு. சாதாரண சென்சார் இடத்தில் அதைப் போடவே முடியாது. நான்கு ஒயரிலும் வைட்பேண்ட் உண்டு என்பதால், எண்ணிக்கை பொருந்துவது மட்டுமே போதாது. சில பழைய வண்டிகளில் டைட்டானியா என்ற வேறொரு வகையும் உண்டு. அதற்குச் சிர்கோனியா மாற்றாகாது.

யுனிவர்சல் போடும்போது ஒயர் நிறத்தைப் பார்த்துச் சேர்ப்பது ஆபத்து. போஷ் நான்கு ஒயர் சென்சாரில் வழக்கமாகக் கறுப்பு சிக்னல், சாம்பல் அதன் எர்த், இரண்டு வெள்ளை ஹீட்டர். டென்சோவில் நீலம் சிக்னல், வெள்ளை எர்த், இரண்டு கறுப்பு ஹீட்டர். கறுப்போடு கறுப்பு என்று சேர்த்தால் ஹீட்டருக்குப் போகும் 12 வோல்ட், ஒரு வோல்ட் கூட வராத சிக்னல் லைனில் போய் இசியூவைத் தொடும். மிச்சம் பிடித்தது சில நூறு, போவது இசியூ.

இன்னொரு சின்ன விஷயம். பல சென்சார்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றை ஒயர் உறைக்குள் இருக்கும் இடைவெளி வழியாகத்தான் இழுக்கின்றன. சால்டர் வைத்து அடைத்தாலோ, ஒயரில் கிரீஸ் அப்பினாலோ மூச்சு முட்டும். அதனால்தான் கம்பெனிகள் கிரிம்ப் ஜாயின்ட் கொடுக்கின்றன. மரை இறுகாமல் இருக்கத் தடவும் பேஸ்ட்டும் மரையில் மட்டும்தான். முனையில் படக் கூடாது.

கழட்டி விட்டால் என்ன?

"வண்டி ஓடும்" என்று மெக்கானிக் சொன்னது பொய்யில்லை. ஓடும். சென்சார் பேசாவிட்டால் இசியூ பாதுகாப்புக்காக முன்பே எழுதிவைத்த கணக்கில் பெட்ரோல் ஊற்றும். அது பெரும்பாலும் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அதிகமாகச் சூடாகி, உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பாகத்தின் விலைக்குப் பக்கத்தில் சென்சார் விலை ஒன்றுமே இல்லை.

பிறகு அடுத்த யோசனை வரும்: "கன்வெர்ட்டரை எடுத்துட்டு காலிக் குழாய் போட்டுடலாம்ணே, அதுக்கு எக்ஸ்சேஞ்ச் காசும் கிடைக்கும்." இதற்குச் சம்மதிப்பது சட்டப்படியும் தவறு, ஊருக்கும் தவறு. பழைய வண்டியின் விஷப்புகையை வடிகட்டும் ஒரே பாகம் அதுதான். பள்ளிக்கூட வாசலிலும் தறி வீட்டு ஜன்னலிலும் அந்தப் புகைதான் போய் நிற்கும்.

பிஎஸ்-2, பிஎஸ்-3 பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை வரம்பு, ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 750 பிபிஎம். பிஎஸ்-4 என்றால் 0.3 சதவீதம், 200 பிபிஎம். சென்சார் செத்த வண்டி இதை நேர்மையாகத் தாண்டுவது கஷ்டம். புகை விதியை மீறினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம். நம் வியாபாரியின் 2011 கார் மாதிரி 15 வருஷத்தை எட்டும் வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கான மத்திய அரசுக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயானது. இவ்வளவு கட்டி வைத்துக்கொள்ளும் வண்டியில் சென்சாரில் மட்டும் மிச்சம் பிடிப்பது கணக்காகத் தெரியவில்லை.

தப்பு மெக்கானிக் மேல் மட்டுமா?

இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். சின்ன ஊர் மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டிய தகவலை இந்தியாவில் கார் கம்பெனிகள் நீண்ட காலம் பூட்டித்தான் வைத்திருந்தன.

2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் மாருதி, டாடா, மஹிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு உள்ளிட்ட 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. காரணம், அசல் உதிரி பாகங்களும், கோளாறு கண்டறியும் கருவிகளும், ரிப்பேர் மேனுவல்களும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காதபடி செய்தது. அவற்றைத் திறந்த சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வழக்கு மேல்முறையீடு என்று இழுபட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லேயே கார்களுக்கு 'பழுது நீக்கும் உரிமை'ச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் அதே பெயரில் ஒரு இணையதளம் தொடங்கியது; கார்களும் அதன் பட்டியலில் உண்டு. இணையதளம் நல்லதுதான். ஆனால் ஆரணி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் பதினைந்து வருஷ வண்டியின் ஒயரிங் படமும் பார்ட் நம்பரும் தமிழில், காசில்லாமல் கிடைத்தால்தான் அது உரிமை. கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாமல் அது நடக்காது.

கம்பெனியே ஊரைவிட்டுப் போன வண்டிகளின் நிலைமை இன்னும் சிக்கல். செவர்லே கார்களின் விற்பனை இந்தியாவில் 2017-ல் நின்றது. மறைமலை நகர் ஆலையையும் சேர்த்து உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. இந்த வண்டிகளை வைத்திருப்பவர்களுக்கு சென்சார் தயாரிப்பாளரின் எண்ணைத் தேடிப் பிடிக்கும் இரண்டாவது வழிதான் கைகொடுக்கும்.

கம்பெனிகள் ஒரு பக்கம் என்றால், வாடிக்கையாளர் இன்னொரு பக்கம். ஸ்கேனர் வாங்கி, கற்றுக்கொண்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து வோல்ட்டேஜ் பார்க்கும் மெக்கானிக், அதற்கு 300 ரூபாய் கேட்டால் என்ன சொல்கிறோம்? "சும்மா பாக்குறதுக்கு எதுக்குப்பா காசு?" பார்ப்பதற்குக் காசு கிடையாது, மாற்றினால்தான் காசு என்று நாமே விதி வைத்தால், மெக்கானிக் எதைச் செய்வார்? மாற்றத்தான் செய்வார். சென்சாரில் ஆரம்பித்து பிளக், காயில், இன்ஜெக்டர் என்று லைட் அணையும்வரை மாற்றிக்கொண்டே போவார். பில் நம்முடையது.

மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனைக்குக் காசு கொடுக்கிறோம். வண்டிக்கும் அதே நியாயம்தான்.

ஆரணிக்குத் தெரிந்த பாடம்தான்

இதைச் சொல்லித்தர ஆரணிக்கு வெளியிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. புவிசார் குறியீடு வாங்கிய பட்டு நெய்யும் ஊர் இது. அசல் ஜரிகையா என்று பார்க்க லேசாகச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நூலை ஒரு இழை எரித்து, முடி கருகும் வாசனை வருகிறதா, சாம்பல் விரலில் பொடியாகிறதா என்று பார்ப்பார்கள். பெட்டியும் லேபிளும் எவ்வளவு அழகாக இருந்தாலும் சோதிக்காமல் நம்ப மாட்டார்கள். சுத்தமான பட்டு என்று வாங்குபவர் நம்புவதற்காகவே மத்திய பட்டு வாரியம் 2004-ல் சில்க் மார்க் கொண்டுவந்தது. பவர்லூம் பாலியஸ்டரைப் பட்டு என்று விற்பதால் யார் வயிற்றில் அடி விழுகிறது என்று ஆரணிக்கு நன்றாகவே தெரியும்.

போலி சென்சார் விற்பனையும் அதே ஏமாற்றுதான். அசலாகச் செய்பவருக்கும் நஷ்டம், வாங்குபவருக்கும் நஷ்டம், நடுவில் பெட்டி அச்சடித்தவருக்கு மட்டும் லாபம்.

ஆகவே, அந்த மஞ்சள் லைட் எரியும்போது வியாபாரி செய்ய வேண்டியது நாலைந்து விஷயம்தான். முதலில் பரிசோதனைக்குத் தனியாகக் காசு பேசிக்கொள்ள வேண்டும். கோடு நம்பரையும், வோல்ட்டேஜ் ஏறி இறங்குகிறதா என்பதையும் கண்ணால் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபியூஸ், ஒயர், காற்றுக் கசிவு பார்த்தாயிற்றா என்று கேட்க வேண்டும். சென்சார்தான் என்று உறுதியானால், கழற்றிய பழைய பீஸின் உடம்பில் இருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே தயாரிப்பாளரின் அதே எண்ணை பில்லோடு வாங்க வேண்டும். பழைய பீஸைக் கையில் வாங்கி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும்.

மாற்றிய பிறகும் கோடை அழித்துவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பக் கூடாது. வேலூர்வரை ஒருமுறை போய்வந்து, லைட் மறுபடி வரவில்லை, வோல்ட்டேஜ் ஒழுங்காக அசைகிறது என்று பார்த்த பிறகுதான் மீதிக் காசு. சேலை கொடுக்கும்போது மடிப்பைப் பிரித்து முந்தானைவரை காட்டித்தானே காசு வாங்குகிறோம். சென்சார் போட்டவரிடமும் அதையே கேட்கலாம்.